பழைய டீசல் பிக்கப்பும் பழுதுபார்க்கும் உழைப்பும்: சில குறிப்புகள்

1

உற்பத்திக் கருவிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் பிறப்பைப் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் முதன்முதலாக இயங்கிற்று, எந்த நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது என்பனவே வரலாறாகக் கொள்ளப்படுகின்றன. பிறந்த கருவியை இருபது, முப்பது ஆண்டுகள் இயங்கவைத்திருக்கும் உழைப்பு இவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மார்க்ஸ் இவ்வுழைப்பைக் காணத் தவறினாரல்லர். எங்கெல்ஸ் 1885 இல் வெளியிட்ட 'மூலதனம்' இரண்டாம் பாகத்தின் எட்டாவது அத்தியாயத்தில், நிலைமூலதனத்தின் தேய்மானம், பராமரிப்பு, பழுதுபார்ப்பு ஆகியன தனித்தனியே நோக்கப்படுகின்றன. இயந்திரத்தைத் துடைத்துச் சுத்தஞ்செய்யும் வேலையைத் தொழிலாளர் தமது ஓய்வு வேளையில் கூலியின்றிச் செய்வதை அவர் அங்கு சுட்டிக்காட்டுகின்றார். 1867 இல் வெளிவந்த முதலாம் பாகத்திலோ, இயந்திரம் பாவிப்பதாலும் தேய்கிறது, பாவியாது கிடப்பதாலும் தேய்கிறது, அதைவிட மலிவான அல்லது சிறந்த இயந்திரம் சந்தைக்கு வருவதாலும் பெறுமதி இழக்கிறது என விளக்குகின்றார்.

இக்கருத்துகளை நமது சூழலில் வைத்து நோக்குதற்கு மிகச் சாதாரணமானதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிச் சந்தைக்குச் செல்லும், மீன்பெட்டி ஏற்றிக் கரையிலிருந்து புறப்படும் பழைய டீசல் பிக்கப் வாகனமே அது. இதன் உரிமையாளர் பெரும்பாலும் இதன் சாரதியும் ஆவார். கருவியும் உழைப்பும் ஒருவரிடமே அமைந்த சிறு உற்பத்தியாளர் அவர். வாகனம் நின்றால் அவரது வருவாயும் நிற்கும். எனவே பழுது என்பது அவருக்கு வெறும் பொறியியற் பிரச்சினை அன்று.

எடுத்துக்காட்டாக, ரொயோற்றா நிறுவனத்தின் ஹைலக்ஸ் பிக்கப்பைக் கொள்ளலாம். 1968 இல் அறிமுகமான இவ்வகை வாகனத்திற் பின்னர் பொருத்தப்பட்ட 'எல்' வரிசை டீசல் எஞ்சின்கள் ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை. முதலாவது 2188 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது, '2எல்' 2446, '3எல்' 2779. நான்கு உருளைகள், பெல்ட்டினால் இயங்கும் வால்வுத் தண்டு, முன்னறையில் எரிபொருள் பீச்சப்படும் அமைப்பு ஆகியன இவற்றுக்குப் பொதுவானவை. கணினிக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண வகைகளை நன்றாகப் பழகிய கையும் சில சாவிகளும் கொண்டு பிரித்துப் பூட்டலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

2

டீசல் எஞ்சினுக்குத் தன் பெயரை ஈந்த ருடோல்ஃப் டீசல், 1897 இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். நீராவி எஞ்சின் பெருந்தொழிற்சாலைக்கே உரியதாக இருந்த காலத்தில், சிறு கைத்தொழிலாளரும் வைத்திருக்கக்கூடிய சிக்கனமான எஞ்சின் ஒன்று வேண்டும் என்பது அவரது நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. 1903 இல் 'சொலிடாறிஸ்முஸ்' என்னும் நூலையும் அவர் எழுதினார். தொழிலாளர் சிறுசிறு தொகையாகச் சேமித்துத் தாமே தொழிலகங்களை உடைமையாக்கிக்கொள்வதன் மூலம் சமுதாயப் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்பது அந்நூலின் கனவு. வர்க்க முரண்பாட்டைச் சேமிப்பினாற் கடந்துவிடலாம் என்று கருதிய அக்கனவு நூலோடு நின்றுவிட்டது. எஞ்சினோ கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் பாரவண்டிகளையும் சென்றடைந்தது. ஒரு கருவியைக் கண்டுபிடித்தவரின் விருப்பம் அதன் சமூகப் பயனைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. உருளையினுள் இழுக்கப்பட்ட காற்று, ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு கனவளவுக்கு நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தாற் காற்று மிகவும் சூடேறுகிறது. அந்நேரத்தில் நொசில் வழியாகப் புகாராகப் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த எஞ்சினில் நெருக்கப்பட்ட காற்றின் சூட்டை உலோகச் சுவர்கள் உறிஞ்சிவிடுவதால், முன்னறையைச் சூடாக்க ஹீட்டர் பிளக் உதவுகிறது. சாவியைத் திருப்பிச் சில விநாடி காத்திருந்து 'செல்ஃப்' அடிப்பதன் காரணம் இதுவே.

ஆகவே டீசல் எஞ்சின் இயங்க மூன்று நிபந்தனைகள் நிறைவேறல் வேண்டும். போதிய காற்று போதிய அளவுக்கு நெருக்கப்படல் வேண்டும். எரிபொருள் சரியான அளவில், சரியான கணத்தில், நுண்துளிகளாக உட்செல்ல வேண்டும். தொடக்கத்தில் போதிய வெப்பம் இருத்தல் வேண்டும். எஞ்சின் புறப்படாமை, இழுவைக் குறைவு, புகை என நாம் காணும் குறைகளுட் பெரும்பாலானவை இம்மூன்றுள் ஒன்று தவறியதன் வெளிப்பாடுகளே. தோற்றத்தைக் கண்டு காரணத்தைத் தேடும் இம்முறையியல் சமூக ஆய்வுக்கு மாத்திரம் உரியதன்று.

3

பராமரிப்பு என்பது பழுது நேருமுன் செய்யப்படும் உழைப்பு. அது கண்ணுக்குத் தெரியும் பயன் எதனையும் உடனடியாகத் தருவதில்லை. எனவே பணமுடை வரும்போது முதலில் ஒத்திவைக்கப்படுவதும் அதுவே.

முதலாவது, எஞ்சின் ஒயில். முன்னறை அமைப்புடைய எஞ்சின்களிற் புகைக்கரி ஒயிலிற் கலந்து மிக விரைவாக அதனைக் கறுப்பாக்கும். கறுத்தது என்பதனால் மாத்திரம் ஒயில் கெட்டதாகாது. ஆயினும் கரியைத் தாங்கிவைத்திருக்கும் அதன் ஆற்றல் எல்லையுடையது. பாரம் ஏற்றி ஓடும் வாகனத்துக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுவதே நன்று.

இரண்டாவது, எரிபொருளில் நீர். பாதி வெறுமையான தாங்கியில் ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து நீராகப் படிகிறது. நீர் டீசலினும் பாரமானதால் அடியிற் தங்கும். எரிபொருள் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அந்நீரை அவ்வப்போது வடிப்பதற்குச் சில நிமிடங்களே போதும். வடிக்காவிடின் அந்நீர் பம்பியின் நுண்ணிய உருக்குப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும்.

மூன்றாவது, குளிராக்கும் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் படுகையில் தங்குவது, வன்மை மிக்கது. கேத்தலின் அடியிற் படியும் வெண்மையான உப்பு, கிணற்று நீர் ஊற்றிய ரேடியேற்றரிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. படிவு தடித்தால் வெப்பம் வெளியேறாது. 'எல்' வரிசையில், குறிப்பாக ரேர்போ பூட்டியவற்றில், அதிவெப்பத்தால் ஹெட் வெடிப்பது பலரும் அறிந்த குறைபாடாகும். வடித்த நீரும் உரிய குளிராக்கித் திரவமும் கலந்து ஊற்றுவதற்கான செலவு, புதிய ஹெட் ஒன்றின் விலையோடு ஒப்பிடுமிடத்துப் பொருட்படுத்தத்தக்கதன்று.

நான்காவது, ரைமிங் பெல்ட். இவ்வரிசை எஞ்சின்களுக்குப் பொதுவாக 100,000 கிலோமீற்றரை எல்லையாகக் கொள்வர். இந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்க, மேலெழும் பிஸ்ரன் அவற்றை மோதும். வாகனம் கைமாறியபோது பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையாயின், அதனை மாற்றிவிட்டு அன்றைய கிலோமீற்றர்க் கணக்கைக் குறித்துவைத்தலே தக்கது.

4

பழுதறிதலில் முதற்சாட்சியம் புகை. கரும்புகை, எரிபொருளுக்கு ஈடான காற்று இல்லை என்பதைக் காட்டும். வளி வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; நொசில் புகாராகப் பீச்சாது சொட்டலாம்; பம்பி அளவுக்கு மிஞ்சி எரிபொருள் அனுப்பலாம். வெண்புகை இருவகைப்படும். கண்ணைக் கரிக்கும் வெண்புகை எரியாத டீசல்; ஹீட்டர் பிளக் பழுதையோ, பீச்சும் நேரம் பிந்துவதையோ, நெருக்கம் குறைந்ததையோ அது உணர்த்தும். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாத, சற்று இனிய மணமுடைய வெண்புகை, குளிராக்கும் திரவம் உருளையினுட் புகுவதன் அறிகுறி. ஹெட் கஸ்கற்றையும் ஹெட்டையும் ஐயுறல் வேண்டும். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். வளையங்களோ வால்வுத் தண்டின் சீல்களோ தேய்ந்திருக்கும்.

அடுத்தது ஒழுங்குமுறை. செலவற்ற சோதனையை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் செய்தல் வேண்டும். எஞ்சின் புறப்படவில்லையாயின், முதலிற் பற்றரியின் வலுவைப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் காற்றை உரிய அளவு சூடாக்காது. பின்னர் ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றுக்கும் மின் வருகிறதா, அது மின்னைக் கடத்துகிறதா எனச் சோதிக்க வேண்டும். அதன்பின் பம்பியின் மேலுள்ள எரிபொருள் நிறுத்தும் மின்வால்வு. சாவியைத் திருப்பும்போது அது 'டிக்' என ஒலிக்க வேண்டும். பத்து ரூபா வயர் ஒன்று கழன்றமையால் அது திறவாதிருக்க, பம்பியையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியோர் உளர். அடுத்து, குழாய்களிற் காற்று. வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பியை இறுகும்வரை அழுத்தி டீசலை நிரப்பலாம். அது இறுகாமல் மீண்டும் மீண்டும் தளருமாயின், எங்கோ ஓரிணைப்பு காற்றை உறிஞ்சுகிறது.

எஞ்சின் ஓடினும் நடுங்கி ஓடுமாயின், எந்த உருளை வேலை செய்யவில்லை என்பதை அறியப் பழைய முறை ஒன்றுண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு நொசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்குவர். நல்ல உருளையாயின் தளர்த்தியவுடன் ஓசை மாறி எஞ்சின் தளரும். ஓசை மாறாத உருளையே குற்றமுடையது. இங்கு எச்சரிக்கை அவசியம். குழாயினுள் எரிபொருள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திற் செல்கிறது. நொசில் முனையிலோ கசியும் குழாயிலோ கையை வைத்தால் அது தோலைத் துளைத்து உட்புகக்கூடும். சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயம், உடனடியாக வைத்தியசாலையிற் கவனிக்கப்படாவிடின் விரலையோ கையையோ இழக்கச் செய்யும். கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் இன்றி இச்சோதனை செய்யப்படலாகாது.

இவையாவும் சீராயிருந்தும் குறை நீடிப்பின், நெருக்க அழுத்தத்தை மானியால் அளக்க வேண்டும். இவ்வரிசை எஞ்சினில் நல்ல நிலையிற் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் காட்டும். 20 இற்குக் கீழ் இறங்கின் எஞ்சினைப் பிரிப்பது தவிர்க்கவியலாதது. பிரிப்பது இறுதிப்படி, அதுவே முதற்படியாகும்போது வாகன உரிமையாளரின் ஒரு போகத்து வருவாய் வீணே செலவாகின்றது.

5

பழுதுகள் எஞ்சினுக்குள்ளே மாத்திரம் பிறப்பனவல்ல. பம்பியின் தேய்மானம் இதற்குச் சிறந்த உதாரணம். இவ்வாகனங்களின் சுழற்பம்பிக்கு வேறு மசகு இல்லை. அதனூடே செல்லும் டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய் டீசலினும் ஐதானது. அதன் மசகுத்தன்மையும் குறைவு. 2022 ஆகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லீற்றர் டீசல் 430 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. இந்த இடைவெளியில், கிடைத்த மண்ணெண்ணெயை டீசலோடு கலக்கும்படி சாரதியைத் தூண்டியது சந்தையே. அம்மாதம் 22 ஆந் திகதி மண்ணெண்ணெய் விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, அதனாற் படகோட்டும் மீனவரும் நீரிறைக்கும் விவசாயியும் தாக்குண்டனர். பம்பியிற் காணப்படும் கீறல் அதனைக் கழற்றும் தொழிலாளிக்கு உலோகத் தேய்வு. அதன் காரணத்தைத் தேடுவோர்க்கு அது விலைக்கொள்கையின் பதிவும் ஆகும்.

வடபகுதி மக்களுக்கு இது புதிதன்று. 1990 முதல் நீடித்த பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் டீசலும் அரிதாக, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலாற் புறப்படச் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிற்று. டீசல் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்து மசகுக் குறையை ஈடுசெய்ய முயன்றனர். 1900 இல் பாரிஸ் கண்காட்சியிலே டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கியது என்பதை நோக்கும்போது, அம்முயற்சி பொறியியல் அடிப்படை அற்றதன்று. ஆயினும் இத்தகைய சாதுரியத்தை வியந்து போற்றுவதோடு நின்றுவிடுவது முற்போக்காளர்க்கு ஏற்றதன்று. இல்லாமை கற்பித்த திறனைப் புகழ்ந்துகொண்டு இல்லாமையை மறந்துவிடுவது, அவ்வில்லாமையை உண்டாக்கியோர்க்கே உதவும்.

வாகனத்திற் செய்யப்படும் மாற்றங்களும் இவ்வாறே நோக்கத்தக்கன. பாரத்துக்காகப் பின்புற வில்லுத் தகடுகளைக் கூட்டுவது பொதுவழக்கு. தகடு கூடினாலும் பிரேக்கும் அச்சும் சட்டமும் கூடுவதில்லை. இவற்றுட் பல பிக்கப்புகளிற் பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு, பெட்டி பாரத்தால் தாழும் அளவை உணர்ந்து பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும். தகடு கூட்டியபின் பெட்டி தாழாது. வாகனம் வெறுமையாயுள்ளது என வால்வு 'கருத', பாரமேற்றிய வேளையிலே பின் பிரேக் குறைந்துவிடும். தகடு கூட்டுவோர் அவ்வால்வின் தண்டையும் மீளச் சரிசெய்தல் வேண்டும். பம்பியின் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டுவதும் இத்தகையதே. சிறிது இழுவை கிட்டும். கூடவே கரும்புகையும் கழிவாயுவின் வெப்பமும் கூடும். வெப்பம் ஹெட்டை வெடிக்கச் செய்யும். புகை, நாட்டில் 2008 இல் தொடங்கிய வாகனப் புகைச் சோதனையில் வாகனத்தைத் தவறச் செய்யும். வீதியோரத்திற் குடியிருப்போரின் நுரையீரலும் அதற்கு விலை கொடுக்கும். ரேர்போ பூட்டுவோர், இதற்கெனக் குளிராக்கலையும் ஒயில் வழியையும் ஒருசேர மேம்படுத்தாவிடின், எஞ்சினின் ஆயுளையே முற்பணமாகச் செலவிடுகின்றனர்.

6

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இன் தொடக்கத்தில் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் வரிச்சுமை பெரிதாயிற்று. அவ்வாண்டுகளிற் பழைய வாகனங்களின் விலை இறங்காது ஏறியது. புதிய இயந்திரத்தின் வரவால் பழையது பெறுமதி இழக்கும் என்ற நியதி, புதியது வராத சந்தையில் எதிர்த்திசையிற் செயற்பட்டதை இங்கு காண்கின்றோம். பழைய வாகனத்தை உயிரோடு வைத்திருந்தது கராஜ் தொழிலாளியின் உழைப்பு. விலையேற்றத்தின் பயன் வாகன உடைமையாளரையும் வியாபாரியையும் சென்றடைந்தது. நாட்கூலி பெறும், சேமலாப நிதி அற்ற, கையைப் பெற்றோலிற் கழுவும் அத்தொழிலாளியை அது சென்றடைந்ததாகக் கூறவியலாது.

அவனது அறிவின் நிலையும் சிந்தித்தற்குரியது. 'காத்து வாங்குது', 'மூச்சு விடுது', 'இழுக்குதில்லை' என எஞ்சினை உடலாக உருவகித்துப் பேசும் கராஜ் மொழி, நெடுங்கால அவதானத்தின் சுருக்கெழுத்தாகும். மேலே நாம் விளக்கியவற்றுட் பல அம்மொழியில் ஏற்கெனவே உள்ளன. ஆயின் அவை குருவின் பக்கத்தில் நின்று சாவி எடுத்துக்கொடுக்கும் சிறுவனுக்கு வாய்வழியாக மாத்திரமே சென்றன. தொழிற்கைநூல்களோ ஆங்கிலத்திலோ யப்பானிய மொழியிலோ உள்ளன. 1847 இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கென நூல்களையும் ஆக்கினார். மருத்துவம் அன்று தமிழில் எழுதப்பட இயன்றதெனில், எஞ்சின் இன்று எழுதப்பட இயலாது என்பதற்குக் காரணம் மொழியின் வறுமை அன்று. கைத்தொழில் அறிவைத் தாழ்வாகக் கருதும் சாதி, வர்க்க மனப்பாங்கே அதற்குக் காரணம் எனலாம்.

இப்பணிக்குக் காலமும் சுருங்கி வருகின்றது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய பொதுக்குழாய் டீசல் எஞ்சின்களில் எரிபொருளின் அளவையும் நேரத்தையும் கணினி தீர்மானிக்கிறது. அழுத்தம் ஆயிரம் வளிமண்டலங்களுக்கும் மேற்பட்டது. நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறை அங்கு உயிராபத்தானது. அவ்வெஞ்சின்கள் சிக்கனமானவை, புகை குறைந்தவை. அவற்றை எதிர்ப்பது நமது நோக்கமன்று. ஆனால் பழுதறியும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் உடைமையாக இருக்கும்வரை, வாகனத்தை வாங்கியவர் அதன் முழு உடைமையாளராவதில்லை. தொழிலாளியின் செவியிலும் விரலிலும் இருந்த அறிவு அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றது.

இந்நிலையிற் செய்யத்தக்கன மூன்று. கராஜ்களில் வழங்கும் சொற்களையும் சோதனை முறைகளையும் அத்தொழிலாளரின் துணையோடு தொகுத்துத் தமிழில் நூலாக்கல் வேண்டும். பொறியியற் பீடங்களும் தமிழ்த் துறைகளும் அப்பணியில் ஒன்றிணைதல் வேண்டும். பயிலுநர்க்குக் கண்காப்பும் கையுறையும் காப்புறுதியும் நிபந்தனையாக்கப்படல் வேண்டும். பழுதுபார்க்கும் தகவல்களைப் பெறும் உரிமை சட்டத்தினால் உறுதிசெய்யப்படல் வேண்டும். முதலாவது பணியைத் தொடங்குவதற்கு நாம் எவரது அனுமதிக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. பல்கலைக்கழக வாயிலுக்கு அண்மையிலேயே கராஜ்கள் உள்ளன.